தும்புத்தடிக்கு முன்னால் ஓடினேன்

குகன், இதை நின்றுகொண்டு வாசிக்காதே. உன் காலில் இன்னும் அந்தப் பெரிய பிளாஸ்டிக் சப்பாத்து இருக்கிறது. கதிரையில் இரு, காலைத் தூக்கி ஸ்டூலில் வை, தேத்தண்ணியைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொள். உன் அம்மா சுருக்கமாக எழுதுகிற ஆள் இல்லை என்பது உனக்குத் தெரியும். நேற்று நீ அனுப்பிய செய்தி இரண்டே வசனம். "ஏஜென்டை வர வேண்டாம் எண்டு சொல்லிட்டன். நீங்கள் வெண்டிட்டியள்." அதைத் திரும்பத் திரும்ப வாசித்துச் சந்தோஷப்பட்டேன், பொய் சொல்லவில்லை. கண்ணாடி முன்னால் நின்று என்னையே பார்த்துச் சிரித்தேன். ஆனால் பிறகு யோசித்தபோது, பந்தயத்தில் தோற்றவன் வாக்குத் தவறாமல் நடந்துகொண்டது போலத்தான் அந்தச் செய்தி இருந்தது. நான் எதை வென்றேன் என்பது உனக்கு விளங்கியதா என்று தெரியவில்லை. நீ முடிவிடத்தில் நின்றாய், நடுவில் நடந்தது எதையும் பார்க்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். மருமகள் மீராவுக்கும் வாசித்துக் காட்டு. கோயில் ஆட்களுக்குக் காட்டினாலும் எனக்கு வெட்கமில்லை. அறுபத்தேழு வயதில் வெட்கப்பட எங்கே நேரம் இருக்கிறது.

குளிர்காலத்தில் மனோர் பார்க் ஸ்டேஷன் வாசலில் நான் ஐஸில் சறுக்கி மணிக்கட்டை முறித்துக்கொண்டதிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது. நீங்கள் இருவரும் கென்ட்டில் புது வீடு வாங்கிக் குடிபோன நேரம் அது. என்னைக் கூட்டிப் போய்க் கீழ்த்தள அறையைக் காட்டினாய். தோட்டத்தைப் பார்த்த ஜன்னல், பக்கத்திலேயே குளியலறை, சுவரெல்லாம் எவர்சில்வர் கைபிடிகள். கழிப்பறை இருக்கையைக்கூட உயர்த்தி வைத்திருந்தாய். உன் அன்பை நான் குறைத்துச் சொல்லவில்லை ராசா. ஆனால் நீ அந்தக் கைபிடியைப் பிடித்து ஆட்டிப் பார்த்து, "ஸ்ட்ராங்கா இருக்கு அம்மா" என்றபோது நான் அதைத் தொட்டும் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரி வார்டில் முப்பது வருடம் அப்படிப்பட்ட கைபிடிகளுக்குப் பக்கத்தில் நின்று மற்றவர்களைத் தாங்கி எழுப்பியவள் நான். "நீங்கள் இனித் தனிய இருக்க ஏலாது. மனோர் பார்க் வீட்டை விப்பம். ஏஜென்ட் வந்து படம் எடுப்பார்" என்றாய். ஏற்கெனவே முடிவான விஷயத்தைச் சொல்லும் குரல். நான் சாப்பிட்ட பிளேட்டைக் கழுவி வைத்துவிட்டு ரயில் ஏறினேன். ரயிலில் அழுதேன். அது துக்கத்தில் வந்த அழுகை இல்லை, கோபத்தில் வந்தது.

அந்த வீட்டில் அப்படி என்ன இருக்கிறது என்று நீ கேட்டாய். அப்பாவின் நினைவு என்று நான் சொல்வேன் என எதிர்பார்த்தாய் போல. அப்பா என்னோடுதான் இருக்கிறார், நான் எங்கே போனாலும் வருவார், அவருக்கு வீடு தேவையில்லை. எனக்குத்தான் தேவை. காலையில் கோயில், அங்கிருந்து வான்ஸ்டெட் பிளாட்ஸ் புல்வெளி, கோயில் பெண்கள் நாலைந்து பேரோடு பெரிய சுற்று நடை, திரும்பும் வழியில் மரக்கறிக் கடை, கடைக்காரரோடு முருங்கைக்காய்க்காக ஒரு சின்னச் சண்டை. இதெல்லாம் யாரையும் கேட்காமல், காருக்குக் காத்திருக்காமல், என் கால்களாலேயே போய் வருகிற இடங்கள். உன் ஊரில் பால் வாங்கவும் ஒருவர் காரெடுக்க வேண்டும். அந்த அறையில் நான் சௌக்கியமாக இருப்பேன்தான். ஆனால் எங்கே போவதென்றாலும் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பேன்.

பிறகு கோடையில் நீ விழுந்தாய். இளைஞர்களோடு பட்மிண்டன் ஆடப் போய்க் குதிகால் நரம்பை அறுத்துக்கொண்டு வந்தாய். சமைத்துத் தர வந்த நான், எனக்காகப் போட்ட குளியலறையில் எனக்காகப் போட்ட கைபிடியைப் பிடித்துக்கொண்டு நீ ஒற்றைக் காலில் நிற்பதைப் பார்த்தேன். "ஸ்ட்ராங்கா இருக்கோ தம்பி?" என்று கேட்டேன். மீரா சமையலறையில் சிரித்த சிரிப்பு உனக்கும் கேட்டிருக்கும். அன்று இரவுச் சாப்பாட்டில்தான் அந்தப் பேச்சு வந்தது. நீங்கள் இருவரும் பிரான்ஸில் ஷாம்பெய்ன் பக்கம் திராட்சைத் தோட்டங்களுக்குள் ஓடும் அரை மரதன் ஒன்றுக்குப் பதிந்திருந்தீர்கள். இருபத்தொரு கிலோமீட்டர். உன் இடம் வீணாகப் போகிறதே என்று மீரா கவலைப்பட்டாள். "வேற ஒருத்தருக்கு மாத்திக்கலாமாம். அத்தை, நீங்க வர்றீங்களா?" என்று விளையாட்டாகக் கேட்டாள். நீ சாப்பாடு புரையேறச் சிரித்தாய். "அம்மாவோ? அம்மாவைக் கடைசியில தும்புத்தடி வேன்தான் ஏத்திக்கொண்டு வரும்" என்றாய்.

அது என்ன வேன் என்று நான் கேட்க, நீயே விளக்கினாய். ஓட்டத்தின் கடைசியில் ஒரு வேன் ஊர்ந்து வருமாம், அதன் பின்கதவில் வாசல் கூட்டுகிற நீளப் பிடித் தும்புத்தடி ஒன்றைக் கட்டியிருப்பார்களாம், பிந்தியவர்களைக் கூட்டி அள்ளிக்கொண்டு போவதற்கு அடையாளமாக. அது யாரை முந்துகிறதோ அவர் ஆட்டத்தில் இல்லை, ஏறி உட்கார வேண்டியதுதான். நீ கேலியாகத்தான் சொன்னாய். எனக்கு அது கேலியாகப் படவில்லை. அந்த வேன் எனக்கு ஏற்கெனவே தெரியும் என்று தோன்றியது, அதைத்தான் நீ உன் வீட்டுக் கீழ்த்தளத்தில் ஜன்னல் வைத்து நிறுத்தியிருந்தாயே.

"நான் வாறன்" என்றேன். "வேனுக்கு முன்னாலை ஓடி முடிச்சா ஏஜென்டும் வரக்கூடாது, அறைக் கதையும் வரக்கூடாது. நானாக் கேட்டால் ஒழிய."

"முடிக்காட்டி?"

"முடிக்காட்டி அடுத்த கிழமையே பெட்டி கட்டிக்கொண்டு வாறன். வாய் திறக்க மாட்டன்."

நீ கையை நீட்டினாய், நான் பிடித்துக் குலுக்கினேன். மீராவின் முகம் மட்டும் வெளிறிப் போயிருந்தது. தான் பற்றவைத்த நெருப்பு எங்கே போகப் போகிறதோ என்ற பயம் அவளுக்கு.

டொக்டர் நெஞ்சையும் முழங்காலையும் பார்த்து, மெதுவாகத் தொடங்குங்கள் என்றார். மெதுவாகவே தொடங்கினேன். பஞ்சாபி உடுப்புக்குக் கீழே ஓட்டச் சப்பாத்து. ஒரு மரம் வரை ஓட்டம், அடுத்த மரம் வரை நடை. கோயில் பெண்கள் முதலில் வாயைப் பொத்திச் சிரித்தார்கள், பிறகு தண்ணீர்ப் போத்தலைப் பிடித்துக்கொண்டு புல்வெளி ஓரத்தில் காத்திருந்தார்கள். மீரா சனிக்கிழமை தோறும் வந்து என்னோடு ஓடினாள். அதே புல்வெளியில்தான் நீ பள்ளிக்கூட ஓட்டப் போட்டி ஓடினாய், ஞாபகம் இருக்கிறதா? இரவு ஷிப்ட் முடித்து யூனிபோர்மோடு நேரே வந்து, ஒரு ஓரத்தில் நின்று தொண்டை கிழிய உன் பெயரைக் கூப்பிட்டேன். "அம்மா, பிளீஸ், இனி வராதேங்கோ, எல்லாரும் பாக்கினம்" என்று அன்று வீட்டில் கெஞ்சினாய். நான் அடுத்த வருடமும் வந்தேன், இன்னும் சத்தமாகக் கூப்பிட்டேன். கூப்பிட்டால் பிள்ளை ஓடும் என்று நம்பினேன், இன்றைக்கும் நம்புகிறேன்.

இனி நீ பார்க்காத பகுதி. உன் பதிவை என் பெயருக்கு முறையாக மாற்றித் தந்தார்கள், ஆனால் நெஞ்சில் குத்துகிற இலக்கத் தாளை முன்பே அச்சடித்துவிட்டார்கள். பெரிய எழுத்தில் உன் பெயர். அதைக் குத்திக்கொண்டு, விடிய எழும்பிப் புட்டும் வாழைப்பழமும் பிசைந்து சாப்பிட்டுவிட்டு, ஆயிரம் பேருக்கு நடுவில் போய் நின்றேன். ராணி வேஷம், தேனீ வேஷம், கோழி வேஷம் என்று ஊரே கூடியிருந்தது. ஊதா பலூன்களை உடம்பெல்லாம் ஒட்டிக்கொண்டு திராட்சைக் குலை போல ஒரு பருத்த மனிதர் என் பக்கத்தில் நின்றார். ஓட்டம் தொடங்கி முதல் கிராமத்துக்குள் நுழைந்ததும் வீட்டு வாசல்களில் நின்ற சனம் என் நெஞ்சைப் பார்த்து வாசித்து, "அலே, குகான்! அலே, குகான்!" என்று கத்தத் தொடங்கியது. போ, போ என்று அர்த்தமாம். உன் பெயரைச் சொல்லி ஊர் முழுக்க என்னை விரட்டியது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நீ அன்று பட்ட வெட்கத்தில் ஒரு துளி எனக்கும் வந்தது, ஆனால் கால் நிற்கவில்லை, ஓடியது.

முதல் மேடு ஏறி முடிந்ததும் மீராவைப் போகச் சொன்னேன். அவள் எனக்காக நடையைக் குறுக்கிக்கொண்டு பக்கத்திலேயே வந்தாள், பார்வை பாதி என் மீதும் பாதி முன்னால் போகிறவர்கள் மீதும். "நீ போ பிள்ளை. இப்பிடி வந்தா உன்ர ஓட்டமும் போச்சு, என்ர ஓட்டமும் போச்சு."

"உங்களைத் தனியா விட்டுட்டுப் போனா அவர் என்னைச் சும்மா விட மாட்டார் அத்தை."

"அவனை நான் பாக்கிறன். போ."

"சரிங்க அத்தை. போன் இருக்குல்ல?"

"ஓம், இருக்கு."

அவள் போன வேகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். மான் குட்டி. மூன்று மாதமாக எனக்காக அந்த வேகத்தை மறைத்து வைத்திருக்கிறாள். குகன், உன் மனைவி உன் பக்கத்தில் மெதுவாக வருவதைப் பார்த்தால் அவளுடைய வேகம் அவ்வளவுதான் என்று நினைத்துவிடாதே. எப்போதாவது போகச் சொல்லிப் பார்.

இப்போது என் பிழையைச் சொல்லப் போகிறேன், சிரிக்காமல் கேள். வழி நெடுக மேசை போட்டுத் தண்ணீர், பிஸ்கட், சீஸ், கப்பில் ஷாம்பெய்ன் என்று கொடுத்தார்கள். கொடுத்தவர்கள் எல்லோரும் ஊர்ச் சனம், சிரித்த முகம். நம்முடைய கோயில் தேர்த்திருவிழாவில் நானும் அப்பாவும் எத்தனை வருடம் மோர் மேசை போட்டோம். நீட்டிய மோரை யாராவது வேண்டாம் என்று போனால் அப்பாவின் முகம் எப்படி வாடும்? அதனால் நான் எதையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒவ்வொரு மேசையிலும் நின்று, இரண்டு கையாலும் வாங்கி, நன்றி சொல்லி, சீஸைத் தின்றேன், தண்ணீரைக் குடித்தேன். ஷாம்பெய்னை மட்டும் பின்னால் வந்த திராட்சைக் குலையிடம் கொடுத்தேன். "யூ, நோ டிரிங்க்?" என்று கேட்டார். "நோ" என்றேன். அதன் பிறகு அந்த மனிதர் என்னை விட்டுப் பிரியவே இல்லை. தன் பங்கையும் குடித்து என் பங்கையும் குடித்துக்கொண்டு, பலூன்கள் ஒன்றொன்றாக வெடிக்க, என் பின்னாலேயே வந்தார்.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. குடித்து முடித்த கப்பை எல்லோரும் ரோட்டிலேயே எறிந்துவிட்டு ஓடினார்கள். அது ஓட்டக்காரர்களின் வழக்கம், மேசைக்காரர்கள் பிறகு பொறுக்குவார்கள் என்பதெல்லாம் எனக்கு மீரா சொல்லித்தான் பிறகு தெரியும். எனக்கு ஞாபகம் வந்தது நம்முடைய தேர் போகும் தெரு. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர்களின் பூச்செடிக்குள் நம்முடைய கப் ஒன்று கிடந்தாலும் அடுத்த வருடம் கவுன்சிலுக்கு முறைப்பாடு போகும் என்று அப்பா பயப்படுவார். தேர் முன்னால் போகும், நாங்கள் இருவரும் கறுப்புப் பையோடு பின்னால் கூட்டிக்கொண்டு போவோம். சாமியை நேராகப் பார்த்த வருடங்களை விடத் தேரின் முதுகைப் பார்த்த வருடங்கள்தான் எனக்கு அதிகம். இடுப்புப் பையில் எப்போதும் மடித்து வைத்திருக்கும் கடைப் பையை எடுத்தேன். குனிந்தேன், பொறுக்கினேன். திராட்சைக் கொடிகளின் அடியில் கிடந்ததையும் விடவில்லை. நாலாவது மேசைக்குப் போனபோது அங்கே நின்றவர்களுக்கு நான் வருவது முன்பே தெரிந்திருந்தது. கை தட்டினார்கள். அந்தப் பெருமையில் இன்னும் பொறுக்கினேன். திரும்பிப் பார்த்தால் எனக்குப் பின்னால் ஓட்டக்காரர் யாரும் இல்லை. திராட்சைக் குலை மட்டும், அவருக்குப் பின்னால், வளைவில் திரும்பி வருகிறது தும்புத்தடி வேன்.

 அந்த நிமிடம் எனக்குத் தெரிந்தது கீழ்த்தள அறையின் ஜன்னல்தான். பைத்தியக்காரி, வீட்டைக் காப்பாற்ற வந்தாயா, வீதி கூட்ட வந்தாயா என்று என்னையே திட்டிக்கொண்டு ஓடத் தொடங்கினேன். திராட்சைக் குலை கொஞ்சத் தூரம் கூட வந்தார், பிறகு ரோட்டோரத்தில் உட்கார்ந்து, வேனைக் கைகாட்டி நிறுத்தி, சந்தோஷமாக ஏறிக்கொண்டார். வேன் என் பக்கத்தில் வந்தது. ஓட்டியவள் ஒரு பெண், என் வயதுதான் இருக்கும், வெட்டிய நரை மயிர். கதவைத் திறந்து பக்கத்து இருக்கையைத் தட்டிக் காட்டினாள். நல்ல மெத்தை இருக்கை. வலது முழங்கால் கெஞ்சியது. அவளுடைய முகத்தில் ஒரு துளி இளக்காரம் இல்லை, இரக்கம்தான் இருந்தது. அந்த இரக்கம்தான் எனக்கு மிகவும் பயமாக இருந்தது. "நோ, தேங்க்யூ" என்றேன். அவள் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினாள். தனக்குச் சொன்ன வேகத்தில்தான் வர வேண்டும், எனக்காகக் குறைக்க முடியாது என்று விளங்கியது.

பை நிறைந்து, ஒவ்வொரு அடிக்கும் முழங்காலில் மோதியது. பாரம் இல்லை, ஆனால் ஓட விடவில்லை. கீழே போடு என்று திராட்சைக் குலை ஜன்னலால் சைகை காட்டினார். போட எனக்கு ஏலாது குகன். இவ்வளவும் பொறுக்கிவிட்டு அதே ரோட்டில் எப்படிக் கொட்டுவது? எறியவும் மனமில்லை, தூக்கிக்கொண்டு ஓடவும் வழியில்லை, வேனோ என்னைத் தாண்டப் போகிறது. அப்போதுதான் அந்தப் பெண் ஜன்னல் வழியாகக் கையை நீட்டினாள். இருக்கையைத் தட்டவில்லை, கையை மட்டும் நீட்டினாள். நான் பையைக் கொடுத்தேன். அவள் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். நான் ஏறவில்லை.

இரண்டு கையும் சும்மா இருக்க ஓடுவது எவ்வளவு சுகம் தெரியுமா? அந்த இறக்கத்தில் நான் ஓடிய ஓட்டம் பாவாடை கட்டிய வயதில்கூட ஓடாத ஓட்டம். பின்னால் வேனுக்குள் இருந்து திராட்சைக் குலை ஜன்னலைத் தட்டித் தட்டி "குகான்! குகான்!" என்று கத்தினார், அந்தப் பெண்ணும் ஹார்ன் அடித்துக் கத்தினாள். ஊர் எல்லையில் நீ தெரிந்தாய். முடிவிடத்தில் நிற்கச் சொன்ன ஆள், இரண்டு ஊன்றுகோலையும் ஊன்றிக்கொண்டு, தடுப்பைத் தாண்டி ரோட்டுக்குள் வந்து நின்றாய். பக்கத்திலேயே நொண்டி நொண்டி வந்து, "அம்மா, கெதியா, கெதியா, பின்னாலை வேன்" என்று கத்தினாய். எல்லோரும் பார்த்தார்கள், நீ கவலைப்படவில்லை. அந்த நாள் முழுக்க அத்தனை பேர் உன் பெயரைக் கத்தினார்கள், நீ ஒருவன்தான் என்னை நான் யாரோ அதுவாகவே கூப்பிட்டாய். "விலகு தம்பி" என்று உன்னையும் முந்திக்கொண்டு போய்க் கோட்டைத் தாண்டினேன். வேன் எனக்குப் பின்னால் வந்து நின்றது. மீரா என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் அழவில்லை. எனக்கு முருகனைக் கூப்பிட வேண்டும் போல இருந்தது, மூச்சு வரவில்லை.

அந்தப் பெண் இறங்கி வந்து, பின்கதவிலிருந்து தும்புத்தடியை அவிழ்த்து என் கையில் தந்ததை நீ பார்த்தாய். ஏன் தந்தாள் என்று கார்ப் பயணம் முழுக்க யோசித்துக்கொண்டு வந்தாய். இப்போது தெரிந்திருக்கும். கலே துறைமுகத்தில் பாஸ்போர்ட் பார்த்த அதிகாரி இது என்ன என்று கேட்டபோதும் நீ யோசித்துக்கொண்டுதான் இருந்தாய். என் மாமியார் பந்தயத்தில் வென்றது என்று மீராதான் ஆங்கிலத்தில் சொன்னாள், அவர் எழுந்து நின்று எனக்குச் சலூட் அடித்தார்.

நீ என்னை வேனில் ஏற்றப் பார்த்தாய் ராசா, அன்பில்தான் ஏற்றப் பார்த்தாய். பை பாரமாக இருந்தது உண்மை. மணிக்கட்டு முறிந்தபோது நான் உன்னிடம் ஒரு உதவியும் கேட்கவில்லை, எல்லாம் என்னால் ஏலும் என்று பிடிவாதமாக நின்றேன், அதைப் பார்த்துத்தான் நீ பயந்துபோய் ஒரேயடியாக அறையே கட்டினாய். கையை மட்டும் நீட்டினால் போதும் என்று உனக்கு நான் சொல்லித் தரவில்லை. எனக்கே அந்த ரோட்டில்தான் தெரிந்தது. இனிக் கேட்பேன். ஐஸ் விழுந்த நாளில் வந்து கூட்டிப் போ என்று கேட்பேன், வெட்கப்படாமல் கேட்பேன். அறைக் கதைக்கும் ஒரு நாள் வரலாம். அன்றைக்கு நானே கையைக் காட்டி நிறுத்துவேன், திராட்சைக் குலை போலச் சந்தோஷமாக ஏறுவேன்.

எங்கள் வீடுகளில் தும்புத்தடியை வருகிறவர் கண்ணில் படாமல் கதவுக்குப் பின்னால் மறைத்துத்தான் வைப்போம். இதை மட்டும் முன் அறையில், உன் பட்டமளிப்புப் படத்துக்குப் பக்கத்தில் நிமிர்த்தி வைத்து, உன் பெயர் எழுதிய இலக்கத் தாளை அதில் தொங்கவிட்டிருக்கிறேன். வருகிற ஒவ்வொருவரும் கேட்கிறார்கள், நானும் முதலிலிருந்து சொல்கிறேன். சனிக்கிழமை மீராவோடு வா. பொய்லர் இரண்டு நாளாகச் சத்தம் போடுகிறது, அந்தக் கொம்பனிக்காரனோடு போனில் நீதான் கதைக்க வேண்டும். கவுன்சிலிலிருந்து ஒரு கடிதமும் வந்திருக்கிறது, எனக்கு விளங்கவில்லை, எடுத்து வைத்திருக்கிறேன். வந்து பையை வாங்கிக்கொள். நான் ஏறமாட்டேன்.

அம்மா